சுட்டிகளைச் சேர்த்தல்: பரிக்கிரகமா, சாத்திர தானமா?

பொருள் சேர்ப்போர்க்கு இடம் வேண்டும். நெல்லுக்குக் குதிர் வேண்டும்; பொன்னுக்குப் பெட்டி வேண்டும்; நூலுக்கு அலமாரி வேண்டும். இடம் நிறைந்ததும் ‘போதும்’ என்னும் சொல் தானாகவே வாயில் எழும். இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகிய பொருள் வரைதலைக் கைக்கொள்ள முயன்ற நம் முன்னோர்க்கு, வீட்டின் சுவர்களும் ஓரளவு துணை நின்றன. ஆனால் இடமே வேண்டாத ஒரு சேமிப்பு இக்காலத்தில் நம் இல்லங்களுக்குள் புகுந்துள்ளது. அதனை அறநெறி நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையத்தில் ஒரு பக்கம் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரியைத் தமிழில் சுட்டி என்கிறோம். படித்தவற்றுள் பிடித்ததையோ, பின்னர்ப் படிக்கலாம் என்று கருதியதையோ மறவாதிருக்கக் குறித்து வைப்பது பக்கக்குறி. புக்மார்க் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். விரலால் ஒருமுறை தொட்டால் போதும்; குறிப்பு சேர்ந்துவிடும். எடை இல்லை, விலை இல்லை, தூசி படிவதும் இல்லை.

திருவண்ணாமலை நகரிலும், வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பகுதிகளின் சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் இப்பழக்கம் இன்று பரவியுள்ளது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் பணிபுரிகின்றனர். பெற்றோர் ஊரில் இருக்கின்றனர். இருவர்க்கும் நடுவே நாள்தோறும் சுட்டிகள் போய்வருகின்றன. திருமலையில் 16 மீட்டர் உயரத்தில் நிற்கும் நேமிநாதர் திருவுருவத்தின் ஒளிப்படம், பொன்னூர் மலைக்குச் செல்லும் வழி, சீவக சிந்தாமணியின் மின்பதிப்பு, முனிவர் ஒருவரின் அறவுரை, தசலட்சண நாள்களுக்கு உகந்த சமையல் குறிப்பு என அவை பலவகைப்படும். வருவதையெல்லாம் குறித்து வைக்கிறோம். ஓராண்டு கழித்து எண்ணினால் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுள் படித்தவை எத்தனை என்று நம்மை நாமே வினவினால், பலருக்கும் விடை கூறத் தயக்கம் உண்டாகும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. இவ்வாறு சேர்ப்பது பரிக்கிரகம் ஆகுமா? ‘ஆகாது’ என்பார் ஒரு சாரார். சுட்டி ஒரு பொருளன்று. நாம் குறித்துக்கொண்டதால் பிறர்க்கு எதுவும் குறைவதில்லை. அறிவைத் தேடுவதற்குக் குற்றம் கற்பிக்கலாமா என்பது அவர் வாதம். ‘ஆகும்’ என்பார் மற்றொரு சாரார். ஆசையின் அளவே பற்றின் அளவு. கைக்கு அகப்பட்டது மண்ணாயினும் சொல்லாயினும் மனம் பிடித்துக்கொள்ளும் தன்மை ஒன்றே என்பது இவர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. எது எப்போது உண்மையாகிறது என்று காண்பதே நம் வேலை.

ஆசாரியர் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்தை வரையறுக்கும்போது பொருளின் பெயர் எதனையும் கூறவில்லை. பொருளின்மேல் மனம் மயங்கிக் கிடக்கும் நிலையையே, அதாவது மூர்ச்சையையே, பரிக்கிரகம் என்றார். நம் ஆகமங்கள் புறப்பற்றைப் பத்தாகவும், அகப்பற்றைப் பதினான்காகவும் வகுத்துள்ளன. நிலம், வீடு, பொன், தானியம் முதலியன புறப்பற்று. சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் முதலியன அகப்பற்று. அகத்தின் எண்ணிக்கை புறத்தின் எண்ணிக்கையைவிட மிகுதி என்பது நோக்கத்தக்கது. எனவே, எடையும் இடமும் இல்லாத ஒன்றைப் பற்றிக்கொள்ள இயலாது என்னும் வாதம் நம் சமயநெறியில் நிற்காது. சேர்த்த பட்டியலைக் கண்டு ‘இவ்வளவும் என்னிடம் உள்ளது’ என்று மகிழும் உள்ளத்தில் உலோபம் உண்டு. ‘பார், எத்தனை அறிவேன்’ என்று பிறர்க்குக் காட்டும் உள்ளத்தில் செருக்கு உண்டு.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அனைத்தையும் துறந்த திகம்பர முனிவர், மூன்றினை மட்டும் உடன் வைத்திருக்க நெறி இசைகிறது. சிற்றுயிர்களைக் காக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கரகம், அறிவுக்கு நூல். இவற்றை உபகரணம் என்பர், உடைமை என்பதில்லை. ஆடையைக்கூட விட்டவர் கையில் ஒரு நூல் இருக்கலாம் என்பது எத்துணைப் பெரிய இசைவு! அந்நூல் ஏன் பரிக்கிரகம் ஆவதில்லை? அவர் அதனைப் பயில்கிறார். பயின்றதைப் பிறர்க்கு உரைக்கிறார். பயன் முடிந்தபின் அதனை விட்டு நடக்கிறார். பயில்தல், உரைத்தல், விடுதல் என்னும் மூன்றும் உள்ளவரை நூல் உபகரணம். மூன்றும் நீங்கி வைத்திருத்தல் மட்டும் எஞ்சினால் அதே நூல் சுமை. சுட்டிக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

சேர்ப்பது குற்றமாகலாம் என்று அஞ்சி அறிவுக்குறிப்புகளை யாருக்கும் கொடாமலும் தேடாமலும் இருந்துவிடலாமா எனின், அதற்கும் இடமில்லை. அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை உயிரினிடம் வந்து சேர்வதற்குரிய காரணங்களை அதே தத்துவார்த்த சூத்திரம் அடுக்கிக் கூறுகிறது. அவற்றுள் மூன்று நம் வினாவோடு நெருங்கிய தொடர்புடையன. அறிந்ததையும் அறிவு வந்த வழியையும் ஒளித்தல் நிஹ்நவம். கொடுக்கத் தகுந்தவர்க்கும் பொறாமையால் கொடாமை மாத்சர்யம். பிறர் கற்பதற்கு இடையூறு செய்தல் அந்தராயம். பிறரிடமிருந்து அறிவை மறைப்பவன் தன் அறிவின்மேலேயே திரை போடுகிறான் என்பது இதன் கருத்து. ஆக, சேர்த்துப் பூட்டுவதும் வினைக்கு வழி. கொடாது ஒளிப்பதும் வினைக்கு வழி. இவ்விரண்டிற்கும் இடையே செல்லும் நேரிய வழி சாத்திர தானம். ஆகாரம், ஔஷதம், அபயம் ஆகியவற்றோடு நான்காவதாக நம் பெரியோர் அதனை வைத்தனர்.

நம் வரலாற்றில் காத்தலும் உண்டு, வழங்கலும் உண்டு. கிர்னார் மலையின் குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், தம்மோடு சுருத அறிவு அழிந்துவிடக் கூடாதே என்று கவலையுற்று, இரு முனிவர்களை வரவழைத்துக் கற்பித்தார் என்பது நம் மரபு. அவ்விருவரும் புட்பதந்தர், பூதபலி. அவர்கள் ஆக்கிய சட்கண்டாகமம் நிறைவெய்திய நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அந்நூலுக்கு எழுந்த தவளம் என்னும் பேருரையின் பழஞ்சுவடிகள் கர்நாடகத்து மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் காக்கப்பெற்றன. யாத்திரை சென்றோர் சுவடிகளை வணங்கி மீண்டனர், படித்தவர் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் முயற்சி தொடங்கியது. 1939ஆம் ஆண்டில் ஈராலால் ஜைன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு முதற்பகுதி அச்சில் வந்தது. பின்னர் 16 பகுதிகளாக நிறைவெய்தியது. காத்தவர்களைக் குறை கூறல் தகாது. அவர்கள் காவாதிருந்தால் அச்சிடுவதற்கு ஒன்றும் இருந்திராது. ஆனால் காவல் மட்டுமே தொடர்ந்திருந்தால் இன்று நம் கையில் அந்நூல் இராது என்பதும் உண்மை.

வழங்கலுக்கு அத்திமப்பையார் சான்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அப்பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஓலையில் ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாத காலத்தில் ஒரு படி எழுதவே நெடுநாள் ஆகும். ஆயிரம் எழுத்தாணிகள் அல்லது ஆயிரம் முறை ஓர் எழுத்தாணி என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் தானத்தின் அளவு புலப்படும். இன்று ஒரு சுட்டியை ஆயிரம் பேர்க்கு அனுப்ப நொடிப்பொழுதும் வேண்டாம். உழைப்பு குறைந்த இடத்தில் பொறுப்பும் குறைந்துவிடலாகாது என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கூறும் செய்தி.

பக்கக்குறி வைப்போர்க்கு மிக நெருங்கிய முன்னோடி ஒருவர் தமிழ்நாட்டிலேயே உண்டு. அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் தொகுத்த நூலின் பெயர் புறத்திரட்டு. ஏறத்தாழ பதினைந்தாம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கருதப்படும் அத்தொகுப்பில் 1,500க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றும் தொகுத்தவரின் பாடலன்று. பல நூல்களைப் படித்தவர் தமக்குப் பயனுடையனவாகத் தோன்றிய பாடல்களைத் தனித்தனியே எடுத்து, திருக்குறளின் முறையைத் தழுவிப் பொருள்வாரியாக அடுக்கி, அவை எந்நூலில் உள்ளவை என்பதையும் குறித்து வைத்தார். பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அதனைப் பதிப்பித்தபோது தமிழுலகம் வியந்தது. ஏனெனில், இடைப்பட்ட காலத்தில் அந்நூல்கள் சில மறைந்துவிட்டன. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நம்மிடமுள்ள ஏறத்தாழ 72 பாடல்களுள் பெரும்பகுதி புறத்திரட்டின் வழியே வந்தவை. முத்தொள்ளாயிரத்திற்கும் அதுவே பெருந்துணை.

இத்தொகுப்பாளரிடம் மூன்று பண்புகளைக் காண்கிறோம். முதலாவது, அவர் படித்தபின் எடுத்தார். பொருளறிந்து அதிகாரங்களில் அடுக்கியதே அதற்குச் சான்று. இரண்டாவது, மூலநூலின் பெயரை ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் வளையாபதிப் பாடல்கள் பெயரற்ற செய்யுள்களாகக் கலந்து போயிருக்கும். நிஹ்நவம் என்னும் குற்றம் வினையை மட்டுமன்றி நூலையும் எவ்வாறு அழிக்கவல்லது என்பது இதனால் விளங்கும். மூன்றாவது, நூல்களின் பெயர்கள் நின்றன. தொகுத்தவர் பெயர் நிற்கவில்லை. ‘என் தொகுப்பு’ என்னும் செருக்கின் சுவடு அதில் இல்லை. இம்மூன்றும் இருந்தமையால் ஒருவர் தமக்கெனக் குறித்து வைத்தவை ஒரு மொழிக்கே தானமாயின.

வழிகாட்டுதலின் பெருமைக்கு மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுகூரத் தக்கது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அக்கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவி, அதன் படியொன்றையும் தேடி அளித்தார். ஐயர் அதுவரை அக்காப்பியத்தைப் பயின்றதில்லை. நம் சமயக் கருத்துகள் விளங்காது அவர் தயங்கியபோது, அவ்வூரில் வாழ்ந்த சந்திரநாதச் செட்டியார் முதலிய சமணப் பெருமக்கள் பொருள் விளக்கி உதவினர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர்ச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சங்க நூல்களும் அவர் கையால் வெளிவந்தன. முதலியார் நூல் எதுவும் இயற்றிப் புகழ் தேடவில்லை, ‘இஃது இங்கே உள்ளது, இதைப் பாருங்கள்’ என்று தகுந்த ஒருவர்க்குச் சுட்டினார். செட்டியார் தம் சமய நூலறிவை வேற்றுச் சமயத்தார்க்கு உரைப்பதா என்று ஒளிக்கவில்லை. ஒரு சுட்டுதலும் ஓர் உரைத்தலும் கூடிய இடத்தில் தமிழின் பழஞ்செல்வம் மீளத் தொடங்கியது.

தானத்தின் சிறப்பு நான்கினால் வேறுபடும் என்பர் ஆசாரியர்: கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவன், கொள்பவன். சுட்டி அனுப்பும் வழக்கத்தை இந்நான்கோடும் பொருத்திப் பார்க்கலாம்.

பொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். அனுப்பும் பக்கம் உண்மையா? பயனுடையதா? நாமே முழுதும் படித்தோமா? பௌர்ணமி நாளில் திருவண்ணாமலைக்கு வரும் அயலூரார், கூட்டத்திடையே நின்று வழி கேட்பது நாம் அறிந்ததே. வழி அறியாதவர் ‘தெரியாது’ என்று கூறினால் கேட்டவர் இன்னொருவரைக் கேட்பார். அறியாமலே கையைக் காட்டினால், முதியவர் ஒருவர் அந்த 14 கிலோமீட்டர்ப் பாதையில் வீணே நடந்து களைப்பார். படிக்காத சுட்டியை அனுப்புவதும் அத்தகையதே. அதில் பொய் இருப்பின் பொய்யாமை நோன்பிற்கும் ஊறு நேர்கிறது. ‘நான் எழுதவில்லையே, அனுப்பினேன்’ என்பது விடையாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றினாலும் வினை சேரும் என்பதன்றோ நம் கொள்கை?

கொள்பவன் அடுத்தது. பாத்திரம் அறிந்து இடுவதே தானம். நூறு பேர் கொண்ட குழுவில் ஒரு சுட்டியைப் போடுவது எளிது. அவர்களுள் அதனை வேண்டுவோர் மூவர் எனின், தொண்ணூற்றெழுவர் காலம் சிறிது சிறிதாகக் கவரப்படுகிறது. தேர்வுக்குப் படிக்கும் பேத்திக்கு நீலகேசியின் வாதப்பகுதி இருக்கும் இடத்தைச் சுட்டுவதும், நோயுற்ற அண்டை வீட்டார்க்குத் தகுந்த மருத்துவக் குறிப்பைச் சுட்டுவதும் தானம். எல்லார்க்கும் எல்லாம் அனுப்புவது இறைத்தல்.

முறை என்பது மூலத்தைக் கூறுவதும், ஏன் அனுப்புகிறோம் என்று இரண்டு வரி எழுதுவதும் ஆகும். யாருடைய கட்டுரை, எந்த ஆண்டு, அதில் எப்பகுதி முதன்மையானது என்று கூறினால் பெறுபவர்க்கு உழைப்பு குறையும். எழுதியவர்க்கும் நீதி செய்தவர் ஆவோம். பிறர் எழுதியதைப் பெயர் நீக்கி அனுப்புவது கள்ளாமை நோன்பை மெல்ல அரிக்கும்.

கொடுப்பவனுக்கு வேண்டியது கைம்மாறு கருதாமை. அனுப்பியபின் ‘பார்த்தாயா, ஏன் ஒன்றும் கூறவில்லை’ என்று மனம் காத்திருக்குமாயின், கொடுத்த கை இன்னும் விடவில்லை என்று பொருள்.

இனி, நிலையாமையைக் கருதுவோம். சேர்த்தவை நிலைக்குமா? 2003ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோஷுவா ஷாக்டர் டெலிசியஸ் என்னும் தளத்தைத் தொடங்கினார். தாம் குறித்து வைத்த சுட்டிகளைப் பொருள்வாரியாக அடுக்கவும் பிறரோடு பகிரவும் அவர் கண்ட வழி அது. உலகெங்கும் எண்ணற்றோர் தம் குறிப்புகளை அங்கே வைத்தனர். 2005இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. பின்னர்ப் பல கைகள் மாறி, 2017இல் பின்போர்டு என்னும் மற்றொரு குறிப்புத்தளத்தின் கைக்கு வந்தபோது புதிதாகச் சேர்க்கும் வசதி நிறுத்தப்பெற்றது. பின்னர்ப் படிப்பதற்கென்றே பலர் கட்டுரைகளைச் சேர்த்து வைத்த பாக்கெட் என்னும் சேவையும் 2025 ஜூலையில் மூடப்பெற்றது. பெட்டகம் மட்டுமன்றிச் சுட்டப்பட்ட பொருளும் நிலைப்பதில்லை. 2013ஆம் ஆண்டில் இணையத்தில் இருந்த பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் அணுக இயலாமற் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

போளூருக்கு அருகிலுள்ள நம் திருமலையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கே பாறையில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்றுள்ளது. அரசனின் வெற்றிகளை நெடிது கூறும் அக்கல்வெட்டின் உட்பொருள், வணிகர் ஒருவரின் மனைவியாகிய சாமுண்டப்பை என்னும் பெண்மணி குந்தவை சினாலயத்திற்கு வைத்த விளக்கு முதலிய அறம். ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் கழித்தும் அக்குறிப்பைப் படிக்க இயல்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் நாம் குறித்த இணையப் பக்கம் இன்று இல்லை. திருமலைக்கு வழிகாட்டும் பலகை திருமலை ஆகாது. பலகையைக் காத்து மலையை இழந்தவர் நிலையே, சுட்டியை மட்டும் சேர்த்தவர் நிலை.

நிலையாமையை எண்ணுதல் நம் பன்னிரு சிந்தனைகளுள் முதலாவது. அது கையறு நிலைக்காகக் கூறப்பட்டதன்று. செய்ய வேண்டியதை இன்றே செய்க என்பதற்காகக் கூறப்பட்டது. அவ்வாறு செய்தோர் உளர். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம், மறையக்கூடிய பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து எல்லார்க்கும் இலவசமாக வைத்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் அதனை முன்னின்று நடத்தினார். நம் காப்பியங்களும் அற நூல்களும் இன்று அயல்நாட்டில் பிறந்த குழந்தையின் கைப்பேசியில் திறப்பதற்கு அத்தகையோரின் உழைப்பே காரணம். அத்திமப்பையார் செய்த ஆயிரம் படிகளின் தொடர்ச்சியாகவே அதனைக் கருத வேண்டும்.

நம் சமுதாயம் சிறியது. பிற சமுதாயத்தில் பத்துப் பேர் மறந்தாலும் பதினோராமவர் நினைவில் ஒன்று தங்கும். நமக்கு அத்தகைய மிகுதி இல்லை. முற்காலத்தில் படிப்பார் இல்லாத ஏட்டுச் சுவடிகள் செல்லரித்தன. ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பட்டனவும் உண்டு. இன்று வீட்டுப் பெரியவர் ஒருவர் மணிப்பிரவாள நூல்கள், கல்வெட்டுக் குறிப்புகள், ஊர்க் கோயில்களின் ஒளிப்படங்கள் ஆகியவை இருக்கும் இடங்களைப் பல்லாண்டு தேடிக் குறித்து வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். அவர் மறைந்தபின் கைப்பேசியின் கடவுச்சொல் எவர்க்கும் தெரியாது. சுவடி வெள்ளத்தில் போனதற்கும் குறிப்புகள் பூட்டுக்குள் போனதற்கும் விளைவில் வேறுபாடு இல்லை. அவர் தீய எண்ணத்தால் ஒளிக்கவில்லை, கொடுக்க மறந்தார். எனினும் பேரன் பெறவேண்டியது பேரனுக்குக் கிட்டவில்லை.

ஆகவே இல்லறத்தார்க்கு உகந்த ஒரு சிறு ஒழுங்கினை முன்வைக்கலாம். பொருள் வரைதல் போன்றே சுட்டி வரைதலும் ஒரு நியமமாகட்டும். முதலாவதாக, படிக்காத குறிப்புகளுக்கு ஓர் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ப வகுத்துக்கொள்க. அவ்வெண் நிறைந்தால், ஒன்றைப் படித்து முடிக்காமல் மற்றொன்றைச் சேர்ப்பதில்லை என உறுதி கொள்க. இரண்டாவதாக, சதுர்த்தசி போன்ற நோன்பு நாள்களில் சிறிது நேரம் பட்டியலைப் பார்வையிட்டு, பயனற்றவற்றை நீக்குக. நீக்கும்போது மனம் வருந்துமாயின், அவ்வருத்தமே மூர்ச்சை எங்கே இருக்கிறது என்று நமக்குக் காட்டும். மூன்றாவதாக, உண்மையிலேயே அரியவற்றை முகவரியாக மட்டும் வையாமல், உரிமை உள்ளவற்றைப் படியெடுத்தும், மூலத்தின் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைக்க. நான்காவதாக, அக்குறிப்பேடு இருக்கும் இடத்தை வீட்டில் இருவர்க்கேனும் தெரிவிக்க.

சுருத பஞ்சமியன்று நூல்களைத் துடைத்து வெயிலில் காயவைத்து வணங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. துடைப்பதற்காக எடுத்தவர் ஒரு பக்கத்தையேனும் படிப்பார் என்பதும் அவ்வழக்கின் பயன்களுள் ஒன்று. அந்நாளில் குடும்பத்தினர் ஒன்றுகூடி, அவரவர் அவ்வாண்டில் குறித்து வைத்தவற்றுள் சிறந்த ஒன்றை எடுத்து, அதனைப் படித்துப் பொருள் கூறி, இளையோர்க்கு அளிக்கலாம். அயல்நாட்டில் உள்ள பிள்ளைகளும் கைப்பேசி வழியே அதில் பங்கு கொள்ளலாம். ஆயிரம் சேர்த்தவர் ஒன்றைக் கொடுத்தால் போதுமா எனின், படித்துக் கொடுத்த ஒன்று போதும். எஞ்சியவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்; அல்லது நீங்கட்டும்.

சுட்டிகளைச் சேர்த்தல் தன்னளவில் பாவமும் அன்று, புண்ணியமும் அன்று. படிக்கப்படாமலும் பகிரப்படாமலும் பெருகும்போது அது பரிக்கிரகம். ஆராய்ந்து, மூலம் ஒளிக்காமல், தகுந்தவர்க்கு அளித்து, அளித்தபின் மறந்துவிடும்போது அது சாத்திர தானம். நம் கைப்பேசியில் இன்று இருக்கும் பட்டியலைத் திறந்து, இவ்விரண்டினுள் எதன் பக்கம் அது சாய்கிறது என்று ஒவ்வொருவரும் நோக்குவாராக. சாய்வு எப்பக்கமாயினும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து இன்றே படிக்கத் தொடங்குவது நலம்.

அறம் வளர்க!